ஒன்பதாவது அடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, கடலூரில் ஒரு நாடகப் போட்டியின்போது நடந்தது இது. அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நாடகத் துறையில் முதுகலை இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன். பஸ் பாஸைப் பார்த்துவிட்டு, "நாடகத்துக்கெல்லாமா காலேஜு இருக்குது?" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான், குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் உயரும்.

நடிக்கவேண்டும் என்றுதான் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க நடிப்பு, குரல் பயிற்சி, உடல் பயிற்சி என்று ஜோராகப் போனது. இரண்டாம் வருடம்தான் ஒளி அமைப்பு, ஒப்பனை, அரங்கப் பொருட்கள், தயாரிப்பு என்று ஆரம்பித்தார்கள். கயிறு கட்டுவதும் ஆணி அடிப்பதும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதற்கு அப்பாவோடு ரைஸ்மில்லுக்கே போயிருக்கலாமே என்று தோன்றும்.

போட்டிக்காக நாங்களே ஒரு நாடகம் எழுதினோம். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைத் தேடும் ஒரு தாயின் கதை. அந்தத் தாய் வேடம் எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, வசனங்களை முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாடகத்தை இயக்கிய எங்கள் துறை சார் அதை என் வகுப்புத் தோழிக்குக் கொடுத்தார். என்னை மேடை நிர்வாகி ஆக்கினார். பேர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எது தப்பாகப் போனாலும் திட்டு வாங்கும் ஆளுக்குத்தான் அந்தப் பேர்.

தோழி பரங்கிப்பேட்டைக்காரி. அவளுடைய வாப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மேடையில் ஏறக்கூடாது என்று வீட்டில் ஒரே பிடிவாதம். ஆறு மாதம் கெஞ்சி, கடைசியில் அவளுடைய உம்மா, "நானே நேர்ல வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று சம்மதித்திருந்தார்கள். கடலூர் நாடகம்தான் அந்தப் பரீட்சை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

நாடகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லவேண்டும். விளக்குகள் எல்லாம் அணைந்துவிடும். கும்மிருட்டில் அந்தத் தாய் மேடையின் பின்பக்கத்திலிருந்து மெதுவாக நடந்து வருவாள். காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒன்பது அடி நடந்து நிற்பாள். இரண்டு மூச்சு விடும் நேரம் அமைதி. பிறகு முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் விழும். சிதம்பரத்தில் ஒத்திகை அறையில் பின்சுவரிலிருந்து ஒன்பது அடி நடந்தால், கடலூர் மேடையின் அளவைக் கேட்டு சாக்பீஸால் போட்ட விளிம்புக் கோட்டுக்கு இரண்டு அடி உள்ளேயே நின்றுவிடுவாள். இருட்டில் அவளுக்கு எண்ணிக்கைதான் கண்.

அதனாலேயே எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. புது மேடைக்குப் போனால், நடிகர்கள் ஏறுவதற்கு முன்பே மேடை நிர்வாகி விளக்கை அணைக்கச் சொல்லி, ஒவ்வொருவரும் நடக்கும் பாதையை இருட்டில் தானே நடந்து பார்க்கவேண்டும். எத்தனை அடி என்று எண்ணி அவர்களிடம் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கடலூரில் எங்களுக்கு மதியம் மூன்று மணிக்கு நாடகம். வேன் போய்ச் சேரும்போதே பன்னிரண்டு தாண்டிவிட்டது. பழைய அரங்கம். பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல்கள். பட்டப்பகலில் இருட்டு வேண்டும் என்றால் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் அடைக்கவேண்டும். மேடையின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை நகர்த்த நேரமில்லை. அதனால் பின்சுவரை ஒட்டிக் கட்டவேண்டிய கறுப்புத் திரையை, நாற்காலிகளுக்கு முன்னால் தள்ளிக் கட்டினேன். நானேதான் கட்டினேன். இதை மறந்துவிடாதீர்கள், நான் மறந்துவிட்டேன்.

ஒளி அமைப்பைப் பார்த்துக்கொண்டவன் காடாம்புலியூர்ப் பையன், எங்கள் வகுப்புதான். எல்லாம் முடிந்ததும் மேலே இருந்து கத்தினான். "அஞ்சு நிமிஷம் பிளாக் அவுட் தர்றேன், நடந்து பாத்துக்கோ." எனக்கு அகோரப் பசி. மனசுக்குள் பழைய எரிச்சல் வேறு. அவள் நடப்பதற்கு நான் ஏன் ஒத்திகை பார்க்கவேண்டும் என்று இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இருட்டிலேயே லெமன் சாதம் சாப்பிட்டேன்.

விளக்கு வந்ததும் தோழி பாதி ஒப்பனையோடு ஓடி வந்தாள்.

"எத்தினி அடிடி?"

"ஒம்பதுதான். அதேதான்."

"நடந்துட்டல்ல?"

"நடந்தாச்சு, போ."

அவள் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டாள்.

நாடகம் நன்றாகவே போனது. முதல் வரிசையில் அவளுடைய உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. நான் திரையின் ஓரத்தில் நின்று, மேலே காடாம்புலியூர்ப் பையனுக்கு மட்டும் கேட்கும் மைக்கில் சொன்னேன், விளக்குகள் அணைந்தன. தோழி நடக்க ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. நான் காலடிகளை எண்ணிக்கொண்டே, அவளுக்கு வழிவிடுவது போலக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். முழங்கையில் ஏதோ இடித்தது. தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி.

நாற்காலிக்குப் பின்னால்தானே சுவர் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவள் சுவரிலிருந்து நடக்கவில்லை. நான் தள்ளிக் கட்டிய திரையிலிருந்து நடக்கிறாள். விளிம்பைத் தாண்டினால் நான்கைந்து அடி பள்ளத்தில் சிமெண்டுத் தரை. அதை அடுத்து அவளுடைய உம்மா.

ஆறு. ஏழு. எட்டு.

"லைட்! இப்பவே போடு!" என்றேன் மைக்கில்.

வெளிச்சம் விழுந்தது. அவளுடைய இடது கால் மேடையின் விளிம்பில் இருந்தது. வலது கால் ஒன்பதாவது அடிக்காகத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றது. அவள் குனிந்து பார்க்கவில்லை. முகம் மாறவில்லை. தூக்கிய காலை அப்படியே சில நொடிகள் வைத்திருந்து, மெல்லப் பின்னால் கொண்டுபோய் ஊன்றினாள். கடலில் கால் வைக்கப்போன தாய் திரும்புவது போலவே இருந்தது. பிறகு கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. அவளுடைய உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர் ஒருவர் அந்தத் தூக்கிய காலைப் பற்றித் தனியாகப் பேசினார். திரும்பும்போது வேனில் சார் என்னிடம், "லைட்டை முன்னாடியே கூப்பிட்டது நல்ல யோசனைம்மா" என்றார். நான் தலையை ஆட்டி வைத்தேன். பின் சீட்டில் தோழி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடைக்குக் கூப்பிட்டாள். டீ வந்ததும் கேட்டாள்.

"நெசமா சொல்லு, நடந்து பாத்தியா?"

"இல்ல."

"அப்போ என்னாத்துக்கு ஒம்பதுன்னு சொன்ன?"

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள்.

"கீழ வுழுந்திருந்தாலும் எழுந்திருச்சி நடிச்சிருப்பேன்டி. நீ சொன்ன நம்பர நம்பித்தான நடந்தேன்" என்றாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பரங்கிப்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அன்று வீடு போய்ச் சேரும்வரை எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நாடகத்தைப் பற்றிப் பேசும்போது எழுந்து சொன்னேன். இருட்டில் நடக்கவில்லை, சாப்பிட்டேன், பொய் சொன்னேன் என்று சொன்னேன். காடாம்புலியூர்ப் பையன், "அடிப்பாவி" என்றான். சார் அடுத்த நாடகத்துக்கு மேடை நிர்வாகத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு நாற்காலி போடும் வேலை கொடுத்தார். நியாயம்தான்.

தோழி ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். இன்று அவள் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறாள். நான் அதே குழுவில் மேடை நிர்வாகி. விரும்பியே இந்த வேலைக்கு வந்தேன் என்றால் என் வீட்டில் இன்னும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் இருட்டில் நடந்து, எண்ணி, அவளிடம் சொல்கிறேன். அவள் இப்போதெல்லாம், "நடந்துட்டல்ல?" என்று கேட்பதில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னது முழு உண்மை இல்லை. நாற்காலியில் முழங்கை இடித்தது அவள் ஆறாவது அடி வைப்பதற்கு முன்பே. விளக்கை நான் கூப்பிட்டது எட்டாவது அடிக்குப் பிறகு. நடுவில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விளக்கு முன்னதாக வந்தால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள், என் பொய் தெரிந்துவிடுமே என்றுதான் அத்தனை நேரமும் வாயைத் திறக்காமல் நின்றேன். இதை அவள் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவளிடம் நான் சொல்லாமல் வைத்திருக்கும் கணக்கு இனி எதுவும் இருக்கக்கூடாது என்று தோன்றுகிறது.