லெந்துக்கு முந்தின ஞாயிறு

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே நீச்சல் உடைகள். மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாருக்கும் அளவு பார்த்து வாங்கியிருக்கிறார்கள். பூந்தமல்லி தாண்டிப் போனால் தண்ணீர் விளையாட்டும் ராட்டினமுமாகப் பெரிய பூங்கா ஒன்று இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறார்களாம். மகன் சோபாவில் சாய்ந்தபடியே போனைத் தட்டினான், டிக்கெட் வந்துவிட்டது. "உனக்கும் சேத்துப் போட்டுட்டேம்மா" என்றான். அங்கே உட்கார இடம் இருக்குமா என்று முதலில் கேட்டேன். அடுத்து கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். என் வயதில் உல்லாசப் பயணம் என்றால் இவ்வளவுதான். அவன் சிரித்தான்.

அந்த உடைகளைப் பிரித்தபோது ஒரு வாசனை வந்தது. புது நைலான் வாசனை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் சோப்பு, இரண்டும் இல்லாத இன்னொன்று. என் அக்கா எஸ்தருக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த நைலான் புடவையிலும் அதே வாசனைதான் அடித்தது. ஊதா நிறம், வெள்ளைப் பூ. அதை அவள் மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தாள். தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகிற அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கட்டுவது என்று வைராக்கியம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். நாங்கள் ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நைனா, அம்மா, அக்கா, நான். தாத்தா வெள்ளானூரில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் ஆலைச் சங்கு ஊதினால் வேலைக்குப் போகிற முதல் ஆள் நைனாதான். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை, ஷிப்ட் வேலை, சைக்கிளில் போய் வருவார். நாலு பேரும் சேர்ந்து வெளியே போனோம் என்றால் அது கோயிலுக்கு, இல்லாவிட்டால் கல்யாணம், சாவு. சர்ச்சைத்தான் கோயில் என்கிறேன், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு இடத்துக்கும் போனதில்லை.

அந்தத் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. "ஈஸ்டர் முடிஞ்சதும் வெச்சிக்கலாம்" என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள், தேதியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வந்தவர்கள் போனதும் நைனா அக்காவிடம், "இன்னா வோணும் கேளு கண்ணு, போறதுக்குள்ள வாங்கித் தரேன்" என்றார். கம்மல் கேட்பாள் என்று அம்மா நினைத்தாள். அக்கா கேட்டது வேறு.

"தீவுத்திடல்ல எக்ஸிபிஷன் போட்டுக்கீறாங்களாம் நைனா. நாம நாலு பேரும் போயி பெரிய ராட்டினத்துல ஏறணும். ஒரே தொட்டில, நாலு பேரும். அவ்ளோதான்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நைனா எந்த ஷிப்ட் முடித்து வந்தாலும் தட்டில் சோறு விழுமுன்னே பொருட்காட்சி வந்துவிடும். கரி வண்டியில் ஆவடியிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து நடை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழும் என்று அம்மா சொன்னாள். விழுந்தாலும் ஜன்னல்தான் என்றேன் நான். கட்டுச்சோறு புளியா எலுமிச்சையா என்று ஒரு வாரம் ஓடியது. அங்கே முறம் அளவுக்கு அப்பளம் பொரித்துத் தருவார்களாம், ஒன்று வாங்கினால் நாலு பேருக்குப் போதுமா போதாதா என்று ஒரு நாள் முழுக்க வாதம். தின்று பார்க்காத அப்பளத்துக்காக நானும் அக்காவும் பேச்சில்லாமல் இருந்தோம்.

நைனாவுக்கு ராட்டினத்தில் அவ்வளவு மனசில்லை. அங்கே மின்சார இலாகாக்காரர்கள் சின்னதாக ஒரு அணை கட்டி, தண்ணீர் விட்டு, விளக்கு எரிய வைத்திருக்கிறார்கள் என்று கூட வேலை செய்பவர் சொல்லியிருந்தார். "அத்த மொதல்ல பாத்துட்டு அப்பால ராட்டினம்" என்பார். "அணைய நீ பாத்துகினு இரு, நாங்க ஏறிடறோம்" என்று அக்கா மடக்குவாள். உடனே அவர், "ஏய், நாலு பேருன்னு சொன்னியே" என்று பதறுவார்.

அம்மாவுக்குக் கூட்டம் என்றால் பயம். நான் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரே கவலை. தொலைந்த பிள்ளைகளின் பெயரை மைக்கில் சொல்வார்கள் என்று அக்கா சமாதானம் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எப்படியாவது தொலைந்துவிட வேண்டும் என்று ஆசை. அப்பா பெயர், தெரு, பருத்திப்பட்டு, ஆவடி என்று கிணற்றடியில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். பத்து வயதில் எனக்கு இருந்த லட்சியம் அது. இப்போது மருத்துவமனையில் பெயரைக் கூப்பிட்டாலே எழுந்து போக அலுப்பாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு நைனாவுக்கு டூட்டி விழுந்தது. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்து நின்றார்கள். அதனால் என்ன, லெந்து வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார் நைனா. லெந்து என்றால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள் எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது, சினிமா கிடையாது, பூ கூட வைக்க மாட்டோம். கல்யாணம் செய்ய மாட்டோம், வேடிக்கை பார்க்கப் போக மாட்டோம். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும் என்பதால் ஏமாற்றவும் முடியாது.

அந்த வருடம் தொழிற்சாலையில் நைனாவுக்குப் பெரிய காலண்டர் ஒன்று கொடுத்திருந்தார்கள். வழவழ தாள், இயந்திரத்தின் வண்ணப் படம். கூடத்தில் ஆணி அடித்து மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இது இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வழக்கமாகக் கோயிலில் வாங்குகிற சபைக் காலண்டரை வாங்கவில்லை. தொழிற்சாலைக் காலண்டரில் ஞாயிறு சிவப்பில் இருந்தது, ஆயுத பூஜை இருந்தது, சாம்பல் புதன் இல்லை. ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் இடம் மாறும் என்பது நைனாவுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் போன வருடம் லெந்து தள்ளி வந்தது, அந்தக் கணக்கே மனதில் நின்றுவிட்டது. கோயிலில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ராட்டினத்தில் ஏறிப்போன புத்தி.

மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம். ஐயர், அதாவது எங்கள் போதகர், அறிவிப்புகளை வாசித்தார். "வருகிற புதன்கிழமை சாம்பல் புதன். லெந்து நாட்கள் ஆரம்பம்." நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குறித்து வைத்திருந்தது அடுத்த ஞாயிறு.

வெளியே வந்ததும் அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் கேட்டாள். "நைனா, இன்னிக்கே போய்ட்டு வந்துரலாமா? இப்ப கெளம்புனா சாய்ங்காலம் ராட்டினம் ஏறிடலாம்."

"இன்னிக்கு ஓவர்டைமுக்குப் பேரு குடுத்துட்டேனே கண்ணு."

எதற்குக் கொடுத்தார் தெரியுமா? அடுத்த வாரம் பொருட்காட்சியில் பெண் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக. அவர் வராவிட்டால் அந்த மெஷின் நிற்கும், இன்னொருவர் வேலை கெடும். போகாமல் இருக்க அவரால் முடியாது. அம்மா மெதுவாக, "புதன்கெழமதான லெந்து. அடுத்த ஞாயிறு போனா இன்னா, தெரியாதவங்க கூட்டந்தானே" என்றாள். அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. அக்காதான் வேண்டாம் என்றாள். "கல்யாணம் ஆவப்போற பொண்ணு லெந்துல ராட்டினம் ஆடுச்சின்னு நாளைக்குப் பேச்சு வரும்மா. ஈஸ்டர் முடிஞ்சி போலாம். எங்க ஓடிடப் போவுது."

நைனா சாப்பிட்டும் சாப்பிடாமலும் சைக்கிளை எடுத்தார். எனக்கு ஐயர் மேல் கோபம், சாமி மேல் கோபம், காலண்டர் மேல் கோபம். நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வருகிறது.

ஈஸ்டர் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் நைனா தனியாக ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வாசலில் நின்றபடியே சொன்னார். "பிரிச்சுட்டானுங்க. கம்பியெல்லாம் லாரில ஏத்திகினு கீறானுங்க." அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா, "பரவால்ல நைனா, போயிட்டுப் போவுது. நீ மொதல்ல குந்து" என்றாள். அந்த வாரக் கடைசியில் கல்யாணம். நைலான் புடவையைக் கட்டிக்கொண்டுதான் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து எங்கும் போகவில்லை. அக்கா வரும்போது நைனாவுக்கு ஷிப்ட் இருக்கும், இல்லாவிட்டால் அம்மாவுக்கு முடியாமல் இருக்கும். முதலில் அம்மா போனாள், பிறகு நைனா. நான் வேலைக்குப் போன பிறகு தோழிகளோடு அதே திடலில் அதே ராட்டினத்தில் ஏறினேன். தலை சுற்றியது, இறங்கினேன். கரி வண்டிகள் போய் மின்சார ரயில் வந்தது. ஏரிக்கரையில் நடைபாதை போட்டுவிட்டார்கள், எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. லெந்து நாட்களில் பிள்ளைகள் சினிமாவுக்குப் போகிறார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லவும் தெம்பு வேண்டுமே.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவும் போய்விட்டாள். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அவள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"சித்தி, அம்மா அடிக்கடி சொல்லுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி தாத்தா உங்க எல்லாரையும் எக்ஸிபிஷனுக்குக் கூட்டிட்டுப் போனாராமே. ராட்டினம் உச்சியில நின்னுடுச்சாம். நீங்க பயந்து கத்தினீங்களாம், தாத்தா உங்களை மடியில தூக்கி வெச்சுக்கிட்டாராம். கடைசி நாள்லகூட ஆஸ்பத்திரியில அதைத்தான் சொல்லிட்டிருந்தாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அக்கா இத்தனை வருடமும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி வளர்த்திருக்கிறாள். அந்த மடியையும்கூட எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

"இல்லாமலா?" என்றேன். "ரொம்ப நேரம் நின்னுபோச்சும்மா. நைனா கைய விடவே இல்ல."

நாங்கள் போகவே இல்லை என்று சொல்ல இன்றைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.