கித்துல் கருப்பட்டி வைத்தியம்

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த அன்றே அம்மா வீட்டிலிருந்த சீனிப் போத்தலைக் கவிழ்த்துக் கழுவி, அதில் உப்பைப் போட்டு வைத்துவிட்டார். மறுவாரம், பெல்மதுளையில் கடை வைத்திருந்த என் மாமா கித்துல் பனைக் கருப்பட்டியோடு வந்து இறங்கினார்.

"மெஷின்ல செய்ற சீனிதான்க்கா விஷம். இது மரத்துல இருந்து எறங்குறது. மருந்து மாதிரி."

அதைக் கேட்டதும் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எங்கள் தோட்டத்தில் சாயத்தண்ணியில், பாலில்லாத தேநீரில், இனிப்பைக் கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். சீனியாக இருந்தவரை அப்பாவுக்கு ஒரு கரண்டியோடு நின்றது. மருந்தென்று ஆனபிறகு அளவு எதற்கு? றப்பர் பால் வெட்ட மலைக்குப் போகுமுன் ஒரு பெரிய துண்டு, திரும்பி வந்ததும் ஒரு பெரிய துண்டு.

கொஞ்ச நாளில் அப்பா செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். கட்டையில் இடித்த கால் விரல் ஆறவேயில்லை. கீழ் லய வீடுகளில் ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கி, கடைசியில் காலையே எடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் நான் அப்பாவின் விரலைக் குனிந்து பார்ப்பேன். கறுத்திருக்கிறதா, அழுக்கா என்று தெரியாமல் பயந்துகொண்டே போவேன். அம்மா மாதா படத்துக்கு முன்னால் அழுதுவிட்டு, கருப்பட்டித் துண்டை இன்னும் பெரிதாக்கினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன சாப்பாடு என்று சிங்களத்தில் விசாரித்தார். சீனியைக் கண்ணிலும் காட்டுவதில்லை, கருப்பட்டி மட்டும்தான் என்று அம்மா பெருமையாகச் சொன்னார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கருப்பட்டி நல்ல சாமான்தான், ஆனால் உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான், இன்னும் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

பஸ்ஸில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "என் கையாலயே குடுத்தேனே..."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "கருப்பட்டியால இல்ல புள்ள. ஒனக்குத் தெரியாம கடையில தெனம் சீனி போட்ட பால் டீ குடிச்சேன். இனிப்பு பனிஸும் தின்னேன்."

அழுகை சட்டென்று நின்றது. "வெக்கமா இல்லையா ஒங்களுக்கு? நான் மாதாகிட்ட மண்டி போட்டுக் கெடக்கேன், நீங்க பனிஸ் திங்கிறீங்களா?"

தோட்டம் வரும்வரை அம்மா திட்டினார். அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எனக்கும் ஆத்திரம். நான் விரலைப் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்க, இந்த மனிதர் பனிஸ் தின்றாராம்! பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பா மலை விட்டால் வீடு, வீடு விட்டால் மலை என்று இருந்தவர். சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். கடையில் டீ குடிக்க அவர் கையில் காசு இருந்ததேயில்லை. அது அம்மாவுக்குத் தெரியாதா? அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும், திட்டுவதை நிறுத்தாமலே அப்பாவின் காலை மடியில் தூக்கி வைத்துப் புண்ணைத் துடைத்தார். இவ்வளவு கோபக்காரி எதற்காக அந்தக் காலை அப்படித் தடவிக்கொடுக்கிறார் என்று அப்போது எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.