தறி வீட்டுக் குரல்

இடது கையின் ஆள்காட்டி விரல் ஹார்டு டிஸ்க்கின் மேல் படிந்திருக்கிறது. அழுத்தவில்லை. நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற அளவுக்குத்தான். வலது கை டேபிள் ஃபேனின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறது. காற்று டிஸ்க்கின் மேல் நேராக விழும் இடம் வந்ததும் கை நிற்கிறது. திரையில் எண்கள் ஓடுகின்றன. டிஸ்க்கின் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். விரல் விலகவில்லை. இன்னொரு 'டிக்'. உடனே வலது கை கீபோர்டுக்குப் போய் ஓட்டத்தை நிறுத்துகிறது.

"செத்த நேரம் படுத்துக்க," என்கிறார் டிஸ்க்கைப் பார்த்து. "பொறவு பாப்போம்."

கிருபாபாய்க்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒற்றை அறை. பெயர்ப்பலகை இல்லை. படியேறும் இடத்தில் 'கம்ப்யூட்டர் மேலே' என்று சுவரில் பெயின்டால் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார். அறையில் நாற்காலி ஒன்றே ஒன்று, அதுவும் வருகிறவர்களுக்கு. அவர் நின்றுகொண்டேதான் வேலை செய்வார். வேலையைத் தொடங்குமுன் வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டுவார். ராஜபாளையத்து நூல் மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்த காலத்துப் பழக்கம். அங்கே வளையலையும் பின்னலையும் மெஷின் இழுத்துக்கொள்ளும். இங்கே இழுக்க எதுவும் இல்லை என்று சொன்னால், "கைக்கு அது தெரியாதுல்லா," என்பார்.

மில்லை விட்டபின் கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துவிடும். மதுரையிலிருந்து மெக்கானிக் வரவேண்டும். "வாரேன் வாரேம்பான், வரமாட்டான். அவன் வர்றதுக்குள்ள நானே ரெண்டு மட்டம் கழட்டி மாட்டிருவேன்." படித்ததெல்லாம் அந்தக் கழற்றலில்தான்.

பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து புது எஸ்.எஸ்.டி.க்கு விண்டோஸை அப்படியே மாற்றித் தருவதுதான் இப்போது அவரிடம் அதிகமாக வரும் வேலை. பழைய டிஸ்க்கின் முதுகில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டுவார். பிறகு இரண்டையும் விரலால் தொட்டு, "இங்கேருந்து… அங்க," என்று வாய்விட்டுச் சொல்வார். சொல்லாமல் பட்டனை அமுக்கியதை, கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காரணம் கேட்டேன். "திசை மாறுனா வெறும் டிஸ்க்கு நெறஞ்ச டிஸ்க்கு மேல ஏறிரும். பொறவு ரெண்டும் வெறும் டிஸ்க்குதான்."

வக்கீல் குமாஸ்தா வல்லரசு நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்க சாரு கம்ப்யூட்டர எப்ப எடுப்பீய? நாளைக்கு வாய்தா இருக்கு."

"ஒங்க சாருக்கு என்னைக்கு வாய்தா இல்ல?"

"இந்த ஒத்த டிஸ்க்க நேத்துலருந்து தாங்குறீய. ஜெபம் கிபம் பண்ணி முடிச்சு விடுங்களேன்."

"ஜெபம் ஒனக்குப் பண்ணுதேன். டிஸ்க்குக்கு ஃபேனுதான். அவசரப்பட்டா இது செத்துரும். செத்துருச்சுன்னா அவசரமே இல்ல."

"அப்படி யாரு வீட்டு டிஸ்க்கு?"

"பேச முடியாத ஆளோடது," என்றார் கிருபாபாய். வல்லரசு காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

முந்தின நாள் காலையில் ராஜபாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய ஈஸ்வரி, சி.பி.யு.வை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் படியேறினார். அது மேலிருந்து கீழ்வரை வெள்ளை பேண்டேஜ் துணியால் சுற்றப்பட்டு, கட்டுப்போட்ட கால் மாதிரி இருந்தது. ஈஸ்வரி வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள் ஆஸ்பத்திரித் துணி நெய்கின்றன. பின்கட்டில் கட்டிலில் அவர் கணவர் பால்பாண்டி கிடக்கிறார். தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகிற நோய். கால் போனது, கை போனது, குரல் போனது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கிறது.

குரல் போகுமுன்பே அவருடைய அக்கா மகன் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். மாமாவைப் பேசவைத்து, அன்றாடம் வேண்டிய சொற்களைப் பதிந்துகொண்டான். திரையில் வரிசை வரிசையாக, சொல் எழுதிய கட்டங்கள். ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். வேண்டிய கட்டத்துக்கு வெளிச்சம் வந்ததும் கட்டைவிரலின் கீழுள்ள பட்டனை அமுக்கினால் பால்பாண்டியின் சொந்தக் குரலில் அந்தச் சொல் வரும். அந்தப் பையன் இப்போது கனடாவில். அவனிடமும் இதற்கு நகல் இல்லை. வேறு கம்ப்யூட்டரில் புதிதாகப் போடவும் வழியில்லை.

"பாட்டு, போட்டோன்னா காப்பி பண்ணிக் குடுத்துருவேன்," என்று ஈஸ்வரியிடம் சொன்னார் கிருபாபாய். "இது சாமான மட்டும் வண்டியில ஏத்துற வேல இல்ல. வீட்டையே பேத்துக் கொண்டுபோய் வைக்கணும். கதவு எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கணும்."

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தகடு சுற்றும். அதன்மேல், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் ஒரு முனை மிதந்து படிக்கும். தறி ஓடும் வீட்டில் தரை நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீடுகளின் டிஸ்க்குகள் சீக்கிரம் போய்விடும் என்பது கிருபாபாய்க்குத் தெரியும். ஆனால் துணியைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மூடியின் பெயின்ட் ஓரிடத்தில் பொரிந்திருந்தது. உள்ளே ஃபேன் இறுகி நின்றுபோயிருந்தது.

"இத எதுக்குச் சுத்துன?"

"பஞ்சு போயிருதுக்கா. வீடெல்லாம் பஞ்சு. தெனம் தொடச்சாலும் நிக்கல. அதான் நல்லா மூணு சுத்து சுத்தி வச்சேன்."

"சூடு வெளிய போக வழியில்லாம வெந்துருக்கு. அதுலதான் போச்சு."

ஈஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "துணிய நாந்தானக்கா சுத்துனேன்?"

"ஆமா," என்றார் கிருபாபாய்.

இதையெல்லாம் கிருபாபாய் சொல்லக் கேட்ட வல்லரசுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நல்ல வார்த்த வராதா ஒங்க வாயில? பழசாயிருச்சு, போயிருச்சுன்னு சொல்லிருந்தா என்ன?"

"சொல்லலாம். புதுசையும் சுத்துவா."

கம்ப்யூட்டரைப் பூட் செய்து 'ஒரு தடவை' பார்க்கலாம் என்று அவர் நினைக்கவே இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓட்டிப் பார்ப்பதில்தான் பலர் அதைக் கொல்கிறார்கள். டிஸ்க்கை வெளியே எடுத்து, தன் மெஷினில் எஸ்.எஸ்.டி.யோடு சேர்த்து மாட்டினார். அவர் வைத்திருக்கும் மென்பொருள் முதலில் எளிதாகப் படிக்கிற இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். அடம்பிடிக்கிற இடங்களைத் தாண்டிவிட்டு, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். சூடேறினால் நிறுத்தவேண்டும், ஆறினால் தொடரவேண்டும். அதற்குத்தான் விரலும் ஃபேனும்.

நடுநடுவே போன் அடித்தது. "அக்கா, ஆயிருச்சா? அவிய என்னையவே பாக்காவ. தண்ணியா, படுக்கையத் திருப்பணுமா, ஒன்னும் தெரியல. எல்லாத்தையும் மாத்தி மாத்திக் கேட்டுப் பாக்கேன்."

"ஓடிட்டுதான் இருக்கு. வை."

வல்லரசு உட்கார்ந்திருந்த அன்று மதியம் பெரும்பகுதி புது டிஸ்க்குக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்தது துணுக்குகள்தான். அவற்றுக்காக மறுபடி ஓட்டியபோது 'டிக்' சத்தம் அடுக்கடுக்காக வந்தது, பிறகு ஒரு நீண்ட கீறல். விரலின் கீழே சுழற்சி நின்றது. கழற்றி மாட்டினார், ஆறவைத்தார், வேறு கேபிள் போட்டுப் பார்த்தார். டிஸ்க் எழவில்லை. விரலை எடுத்துச் சேலை ஓரத்தில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்திரி ஒட்டியபடியே அதை ஓரமாக வைத்தார்.

சி.பி.யு.வில் புது ஃபேன் ஒன்றைப் போட்டு எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாட்டினார். திரை கறுப்பாகவே நின்றது. பிறகு தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வதாக ஒரு வரி ஓடியது. அதன்பின் வழக்கமான படத்தோடும், இடம் மாறாத கட்டங்களோடும் கம்ப்யூட்டர் திறந்தது. வல்லரசு கைதட்டினார்.

"கை தட்டாத. இன்னும் கேக்கல."

கிருபாபாய் ஒவ்வொரு கட்டமாக அமுக்கிக் கேட்டார். 'தண்ணி.' 'கொசு கடிக்குது.' 'திருப்பிப் போடு.' 'ஆமா.' 'கரண்டு போயிருச்சா?' கரகரத்த, அதட்டலான ஆண்குரல். ஒவ்வொன்றின் பின்னாலும் தறிச் சத்தம். எல்லாக் கட்டங்களும் கேட்டு முடியும்வரை நகரவில்லை. மூன்று கட்டங்களில் சத்தம் வரவில்லை. ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் பதிந்தவை போலிருக்கிறது. டிஸ்க்கிலும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்து ஒன்றாக அழிந்திருக்கின்றன. 'போதும்.' 'வேண்டாம்.' 'இல்ல.'

"கேக்குறதெல்லாம் இருக்கு," என்றார் வல்லரசு மெதுவாக. "மறுக்குறது மட்டும் போச்சு."

கிருபாபாய் வளையல்களை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். எவ்வளவு பெரிய வேலையானாலும் ஆள் வந்துதான் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர் கடையின் வழக்கம். அன்று அவரே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் சி.பி.யு. என் மடியில் இருந்தது.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. வாசலைத் தாண்டும்போது காலடியில் தரை நடுங்கியது. தறி ஓட்டும் பாண்டிசெல்வி தலையில் பஞ்சோடு எட்டிப் பார்த்து, "மதினி, அண்ணன் பேச்சு வந்துருச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கிருபாபாய் சி.பி.யு.வைப் பின்கட்டில் இருந்த திரையோடும் பட்டனோடும் இணைத்து ஓடவிட்டார். கட்டிலருகே பெஞ்சில் புதுத்துணி ஒன்று நான்காக மடித்துத் தயாராக இருந்தது. கிருபாபாய் அதை எடுத்து ஈஸ்வரியின் கையில் கொடுத்தார். "இது வேற எதுக்காச்சும் ஆகும். புது டிஸ்க்குக்குள்ள சுழலுற தகடு இல்ல, தறி ஆடுனா ஆடட்டும். ஆனா பொட்டிக்குக் காத்து வேணும். பஞ்சு ஒட்டுனா பெரஷ்ஷால தட்டு."

"சரிக்கா. எல்லாம் வந்துருச்சுல்ல?"

கிருபாபாய் கட்டிலைப் பார்த்தபடி சொன்னார், பால்பாண்டியும் கேட்கட்டும் என்று. "மூணு வரல. போதும், வேண்டாம், இல்ல. பழைய டிஸ்க்கும் நின்னுருச்சு. இனி எடுக்க முடியாது."

ஈஸ்வரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "போதும்ங்கிறது இல்லாம நான் எப்படிக்கா கஞ்சி ஊத்துவேன்? போன மாசம் பட்டன் நழுவி, சொல்ல முடியாம, கஞ்சி மூச்சுக்குழல்ல எறங்கி ஆஸ்பத்திரியில கெடந்தாவ. கண்ணால சொல்லச் சொல்லுங்கம்பாரு டாக்டரு. நான் கரண்டியப் பாப்பனா, கண்ணப் பாப்பனா?" கொஞ்சம் யோசித்து, "வேற யாராச்சும் சொல்லிப் பதிஞ்சா என்ன? நான் சொல்லட்டுமா?"

"அவருகிட்ட கேளு. அவரு பேச்சு."

ஈஸ்வரி கேட்டார். வெளிச்சம் கட்டங்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. கட்டைவிரல் அசையவில்லை. வெளிச்சம் மறுபடி முதலிலிருந்து வந்தது. அப்போதும் அசையவில்லை.

"சரிங்காவளா, வேணாம்ங்காவளா?"

"'ஆமா' இருக்கு," என்றார் கிருபாபாய். "அவரு அமுக்கலையே."

கஞ்சி வேளை தாண்டியிருந்தது. ஈஸ்வரி கிண்ணத்தோடு வந்து கணவரின் தலையை மடியில் ஏந்திக்கொண்டார். ஒரு கரண்டி. தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்தார். இன்னொன்று. கிண்ணம் பாதிக்கு வந்தபோது வெளிச்சம் கடைசி வரிசைக்குப் போயிருந்தது. கட்டைவிரல் அமுங்கியது.

"தறிய நிப்பாட்டு!"

குரல் போகுமுன் இருந்த அதே அதட்டல். நூல் அறுந்த சத்தத்தைக் கட்டிலிலிருந்தே கேட்டுக் கண்டுபிடித்து, பாண்டிசெல்விக்கு அவர் கொடுக்கும் உத்தரவு அது. முன்கட்டில் விசை அணைந்தது. தரை நடுங்குவது நின்றது. ஈஸ்வரி அடுத்த கரண்டியைக் கொடுத்தார்.

"தறிய நிப்பாட்டு!"

"நிப்பாட்டியாச்சுண்ணே!" என்றார் பாண்டிசெல்வி முன்கட்டிலிருந்து. "ரெண்டும் நின்னுருச்சு. நூலு ஒன்னும் அறலையே!"

ஈஸ்வரி கரண்டியை மொண்டு உதட்டருகே கொண்டுபோனார்.

"தறிய நிப்பாட்டு!"

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஈஸ்வரி முதலில் திரையைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, துணியால் அவர் வாயைத் துடைத்தார்.

கிருபாபாய் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். 'போதும்' இருந்த கட்டம் முதல் வரிசையில் முதலாவது, வெளிச்சம் உடனே வந்து சேரும் இடம். ஓசையில்லாத அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, கடைசி வரிசையிலிருந்த 'தறிய நிப்பாட்டு' கட்டத்தை அங்கே கொண்டுவந்து வைத்தார். சேமித்தார். அணைத்து, மறுபடி போட்டு, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தார்.

"பாண்டிசெல்வி," என்றார் முன்கட்டைப் பார்த்து. "இனிமே இந்தச் சத்தம் கேட்டா ஒனக்கில்ல. நீ ஓட்டு."

"அப்ப தறிக்கு என்ன சொல்லுவாவ?"

கேட்டுக்கொண்டே பாண்டிசெல்வி விசையைப் போட்டார். முதல் தறி எழுந்தது, அடுத்து இரண்டாவது. கிருபாபாய் பால்பாண்டியின் கட்டைவிரலை மெல்லத் தூக்கி, பட்டனை அதன் கீழே நகர்த்தி, விரல் தானாகப் படியும்வரை பிடித்திருந்து, தன் கையை எடுத்துக்கொண்டார்.