அண்ணாந்து குடித்த வைன்

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்ட வேலை என்றதும் யாழ்ப்பாணத்துக்காரனான நான் பந்தலைத்தான் தேடினேன். எங்கள் ஊரில் பந்தல் நிழலில் நின்று அண்ணாந்து குலை பறிப்போம். இங்கே கூரைபோலச் சரிந்த மலையில் குனிந்து பறிக்க வேண்டும். தூறலும் குளிரும் இலவசம்.

அறுவடை முடிந்தால் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். ஒருவரை மட்டும் குளிர்காலத்துக்கு வைன் நிலவறை வேலையில் வைத்திருக்கப் போவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று தவித்தேன். இல்லாவிட்டால் மறுபடி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின் என்று சந்திப்பு நேரம் எடுத்து, எனக்கு என்னென்ன தெரியாது என்று ஓர் அதிகாரி விளக்குவதைக் கேட்க வேண்டும்.

கடைசி நாள் முதலாளியம்மா எங்களை நிலவறைக்கு அழைத்துப் போனார். பீப்பாவிலிருந்து புது வைனை ஒரு கிளாஸில் பிடித்து, எல்லோருக்கும் அதையே நீட்டினார். அங்கே அதுதான் வழக்கம். முதலாமவர் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, பீச் பழம் என்றார். அடுத்தவர் வாயில் வைத்துக் கொப்பளித்து, மழையில் நனைந்த கல் என்றார். கல்லை எப்போது தின்று பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

என் முறை வந்தது. நான் குடிப்பதில்லை, மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிடப் பெரிய சங்கடம், நாலு பேரின் எச்சில். சிறு வயதில் தண்ணீர் குடித்த மாதிரியே, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றினேன். செம்புக்கு அது சரிவரும். இதுவோ பாதி தொண்டையிலும் மீதி மூக்கிலும் போய், புரையேறிக் கண்ணீர் வந்தது.

எப்படி இருக்கிறது என்று முதலாளியம்மா கேட்டார். தெரியவில்லை என்றேன். முன்பு குடித்ததே இல்லையா என்றார். இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குளிர்கால வேலை போச்சு என்று அழுகையே வந்தது. நல்லவேளை, கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. நிலவறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். போன குளிர்காலம் அதை வைத்திருந்தவருக்கு ருசி நன்றாகத் தெரியுமாம். வசந்தம் வந்தபோது ஒரு பீப்பா காலியாம்.

இந்த நாட்டில், ஒன்று தெரியாததற்காக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று புரியவில்லை. சந்தோஷம் மட்டும் தாங்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் மனைவிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இனியும் ஒண்டும் தெரியாமலே இருங்கோ, அதுவே காணும்" என்றாள்.