பின்னைக் கழற்றாமல் கிழித்த பக்கங்கள்

செத்தவன் பிழைத்து வருகிற கதை எதுவானாலும் என் தங்கைக்கு ஆகாது. உத்திரமேரூர்க் கொட்டகையில் ஒரு மந்திரப் படம் பார்த்தோம். கதாநாயகன் பாம்பு கடித்துச் சாகிறான். அவன் பெண்டாட்டி அழுது புரள்கிறாள். கடைசியில் யாரோ ஒரு சாமியார் மூலிகையைப் பிழிந்ததும் எழுந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டான். கொட்டகையே கைதட்டியது. இவள் மட்டும் உர்ரென்று இருந்தாள். பஸ்ஸில் வரும்போது, “அவன் எழுந்துக்கினான்னா நான் அழுததெல்லாம் தெண்டந்தானே?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். படம் எடுத்தவன் நானா?

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நான்கு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் கூலிக்குப் போவாள். நான் காவாந்தண்டலத்திலிருந்து தினமும் உத்திரமேரூர் போய், ஒரு ரைஸ்மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை பார்த்தேன். தங்கை வீட்டோடு இருந்தாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் நெஞ்சில் வால்வு கெட்டுப்போயிருந்தது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அப்போது முகமூடி போட்ட பலசாலிகளின் படக்கதைப் புத்தகங்களும், ராக்கெட் ஏறி வேறு கிரகம் போகிற தொடர்கதைகளும் புதிதாக வந்துகொண்டிருந்தன. எனக்கு எல்லாமே பிடிக்கும். அவளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம் அகப்படும். மலையைத் தூக்குகிற முகமூடிக்காரன் எதற்கு எப்போது பார்த்தாலும் பேங்க் திருடனையே துரத்துகிறான், ஏரி உடைத்துக்கொண்டு போகும்போது வந்து ஒரு கை கொடுக்கக் கூடாதா என்பாள். ராக்கெட்டில் ஏழு பேர் ஏழு வருஷம் போகிறார்களே, யார் பாத்திரம் கழுவினார்கள் என்று எழுத்தாளன் எழுதவே இல்லை என்பாள். அந்தப் பலசாலிகளில் ஒருத்தனுக்காவது மூச்சு வாங்கியிருக்கிறதா என்று ஒருதரம் கேட்டாள். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

வாரப் பத்திரிகையை நாங்கள் நான்கு வீடுகள் சேர்ந்து வாங்கினோம். வந்த அன்றைக்கு மில்லிலிருந்து திரும்பும்போது நான்தான் வாங்கி வருவேன். மூன்று வீடு சுற்றிவிட்டு ஆறாம் நாள் எங்களிடம் வரும். கடைசி முறையைத் தங்கைதான் கேட்டு வாங்கினாள். கடைசி வீட்டுக்குத்தான் தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணுகிற பாத்தியதை. மற்ற வீட்டில் யாரும் ஒரு தாள் தொடக் கூடாது என்பது பேச்சு. அவள் கத்தி முனையால் நடுவிலிருக்கும் பின்னை நிமிர்த்திக் கழற்றி, தாளை அலுங்காமல் எடுத்து, கோணி ஊசியால் தைத்து வைப்பாள்.

அந்த வருஷம் ஒரு தொடர் வந்தது. வேறு கிரகத்தில் மாட்டிக்கொண்ட எட்டுப் பேர். அதில் ஒரு பெண், இன்ஜினியர். கப்பல் கிளம்ப வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வெளியே நின்று விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவள்தான் நிற்கப் போகிறாள் என்று தங்கை முன்பே சொல்லிவிட்டாள். எழுத்தாளன் ஆண்பிள்ளையாக இருந்தால் கடைசியில் காப்பாற்றி ஏமாற்ற மாட்டான் என்றும் சொன்னாள். முப்பது வாரம் அந்தக் கதைக்காகவே இருந்தாள் என்று சொன்னால் அதிகமில்லை.

அது முடிகிற சமயத்தில்தான் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனோம். டாக்டர் என்னையும் அம்மாவையும் தனியே கூப்பிட்டு, ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது, வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்றார். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, “அவளுக்குத் தெரியக் கூடாது நைனா. தெரிஞ்சா அன்னிக்கே பூடுவா” என்றாள். சத்தியம் செய்தேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம், மாத்திரையிலேயே சரியாகிவிடுமாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னோம்.

அடுத்த வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. வழக்கம்போல பஸ்ஸிலேயே படித்தேன். அவள் சொன்னபடியேதான். கப்பல் போய்விட்டது, அந்தப் பெண் செத்துப்போனாள். இதை எப்படி இவள் கையில் கொடுப்பது? ஆறு நாள் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஆறாம் நாள் மூன்றாவது வீட்டில் பத்திரிகையை வாங்கி வரும்போது, வாய்க்கால் கரையில் நின்று அந்தப் பக்கங்களைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டேன்.

வீட்டுக்கு வந்து, அந்த வீட்டில் கிழித்துவிட்டார்கள், நான் முன்னமே படித்ததுதான், சொல்கிறேன் என்றேன். இன்னொரு கப்பல் வந்தது, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டது, ஊர் திரும்பி அம்மாவைக் கட்டிக்கொண்டாள் என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. பிறகு பத்திரிகையைப் பிரித்து, நடுவில் பிசிறாக நின்ற காகிதத்தை விரலால் தடவினாள்.

“பைண்டுக்குக் கிழிக்கறவங்க பின்னைக் கழட்டிட்டுத்தான் எடுப்பாங்க. இது அவசரத்துல பிடுங்கினது. நீதானே?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

“செத்துப்பூட்டாளா?”

தலையாட்டினேன். சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். கதையில் யாரோ செத்ததற்கு இத்தனை பெரிய ஆள் எதற்கு அழுகிறான் என்று அவளுக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்? ஆஸ்பத்திரியில் இன்னா சொன்னாங்க என்று கேட்டாள். அம்மா தலையில் அடித்த சத்தியம் எங்கே போனதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவி, நான்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பத்திரிகையையே மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். தனியாகவா என்றாள். ஆமாம் என்றேன். பயந்தாளா என்றாள். முதலில் பயந்தாள், கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு பயம் போய்விட்டது என்றேன். கதையில் அப்படித்தான் இருந்தது, அதை நான் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள். மூச்சு வாங்க வாங்க, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மாக்கு நான் தெரிஞ்சிக்கினேன்னு சொல்லாத. தாங்கமாட்டா.”

அதற்கப்புறம் இருபத்தொரு நாள் இருந்தாள். அம்மா தினமும், தை பிறந்தால் உனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பாள். கறுப்பாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்று இவள் முறைத்துக்கொள்வாள். அம்மா சமையல் பக்கம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நடுவில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. எந்த முகமூடிக்காரனும் வரவில்லை.

ஒரு விடியற்காலை, அம்மா காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே தங்கை போய்விட்டாள்.

அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த மத்தியானம், சாதத்தைத் தட்டில் போட்டு எதிரே வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னையே பார்த்தாள்.

“கொயந்தைக்கு ஒண்ணும் தெரியாமத்தானே போச்சி, நைனா?”

“தெரியாதும்மா” என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு வாய் தின்றாள்.