இடப்பக்கத்து இரண்டுங்கெட்டான்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். முன்னறைக்கு வருகிறவர்கள் பிரேமைப் போட்டுப் போட்டு அழகு பார்ப்பார்கள். திரைக்குப் பின்னால், தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, லென்ஸின் விளிம்பைத் தேய்த்து பிரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும்; குறைவாகத் தேய்த்து உள்ளே அழுத்தினால் விரிசல் விடும். கையில் இத்தனை பொறுமை உள்ளவளுக்கு வாயில் மட்டும் அது கிடையாது. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். முதலாளியே அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் திரைக்கு வெளியே நின்று ஒரு தடவை செருமிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் படைத்தளபதி ஆகிவிடுவாள். கணவர் அன்று சமையலறையை எடுத்துக்கொள்வார். தட்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, உன் ஆட்களெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த நேரத்தில் அவள் யாரோ ஒரு ராஜாவின் கோட்டைச் சுவரோரம் நின்றுகொண்டிருப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் போர் ஆட்டத்தை முதலில் கொண்டுவந்தது அண்ணன் மகள். தன் அப்பாவையும் அத்தையையும் ஓர் அணியாகச் சேர்த்து விளையாடக் கற்றுக்கொடுத்தாள். பிறகு படிப்பு, சிநேகிதிகள் என்று அவள் கழன்றுகொண்டாள். அத்தையும் அப்பாவும் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் பஸ் டிரைவர். ஆட்டத்திலும் வேகம்தான் அவருக்குப் பிடிக்கும், குதிரைப்படையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவள் எடுத்துக்கொண்டதோ வாள்வில்லாளர்களை.

ஆட்டக்காரர்கள் அந்தப் படையை இரண்டுங்கெட்டான் என்பார்கள். வில்லும் வைத்திருப்பான், இடுப்பில் வாளும் இருக்கும். ஆனால் அசல் வில்லாளன் அளவுக்கு அவன் அம்பு தூரம் போகாது. அசல் வாள்வீரனோடு நேருக்கு நேர் நின்றால் நாலு வெட்டு தாங்கமாட்டான். அதற்கும் மேலே இன்னொரு தொல்லை உண்டு. வில்லைத் தோளில் மாட்டிவிட்டு வாளை உருவுகிற அந்தக் கொஞ்ச நேரம் அவன் வெறுமனே நிற்பான், யார் வேண்டுமானாலும் அடித்துவிட்டுப் போகலாம். வாளை எடு என்று முந்திச் சொன்னால் அம்பு வீணாகும். பிந்திச் சொன்னால் ஆளே வீணாவான். ஆட்டம் தானாகவே மாற்றிக்கொள்ளும்படி விட்டுவிடவும் வழி இருக்கிறது. அப்படி விட்டவர்கள் எல்லாரும் தோற்றார்கள், எதிரி கண்ணில் பட்டதுமே மொத்தப் படையும் வில்லைப் போட்டுவிட்டு ஓடும்.

கண்ணாடியக்கா தன் கையாலேயே மாற்றுவாள். எதிரி நெருங்கும்போது முன்வரிசைக்கு மட்டும் வாள், பின்வரிசை அவர்கள் தலைக்கு மேலே எய்துகொண்டே இருக்கும். முன்வரிசை களைத்தால் வரிசை மாறும். எப்போது மாற்ற வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். அந்த நிதானத்தில் பாதி அவள் நாக்குக்கு இருந்திருந்தால் அண்ணனோடு பேச்சு நின்றிருக்காது.

நடந்தது இதுதான். இவர்கள் இருவருடைய அப்பா அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் அண்ணனும் அவரும் சேர்ந்து மாடிப்படி இறங்கும்போது அப்பா தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கூடவே நடந்து வந்த அண்ணன் தாங்கிப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், அண்ணியும் நர்ஸும் இன்னும் நாலு பேரும் நின்றுகொண்டிருக்க, இவள் வாளை உருவிவிட்டாள்.

"பக்கத்துலயே இருந்திருக்க. விழறவரைப் பிடிக்கத் தெரியல. உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அதன் பிறகு அண்ணன் அவளோடு பேசவில்லை. அப்பாவைப் பார்க்க அவள் அண்ணன் டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய்வந்தாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டத்தைத் திறந்தபோது அவர் அங்கே இருந்தார். வெளியேற அவருக்கும் மனமில்லை, இவளுக்கும் மனமில்லை. மைக்கை இருவரும் மூடிவைத்தார்கள். ஆட்டத்தில் அழுத்துவதற்கென்று சில சொற்கள் உண்டு: வா, நில், எங்கே, நன்றி. அண்ணன் தங்கை உறவு அந்த நாலு பொத்தானில் ஓடியது. நன்றியை மட்டும் யாரும் தொடவில்லை.

கொஞ்ச காலமாக அண்ணன் குதிரைகள் இடப்பக்கத்திலிருந்து அடி வாங்கிக்கொண்டிருந்தன. அவர் திரையில் தெரியும் களத்தைச் சுழற்றி ஆடுகிறவரில்லை. தன் கோட்டை கீழே, எதிரி மேலே, அவ்வளவுதான். இடப்பக்கமிருந்து ஈட்டிக்காரர்கள் சாவகாசமாக நடந்து வருவார்கள், அவர் கவனிக்கவே மாட்டார். முதலில் இவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தோற்பது பிடிக்காமல் தன் இரண்டுங்கெட்டான்களை அவருக்கு இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். யார் வந்தாலும் தூரத்தில் அம்பு, கிட்டத்தில் வாள். மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தார்கள். இந்த ஜோடியின் இடப்பக்கத்தை உடைக்க முடியாது என்று மற்ற ஆட்டக்காரர்கள் எழுதினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்துபோனதை அண்ணி பேச்சுவாக்கில் சொன்னாள். டிப்போ வாசல் குறுகலாம், அண்ணன் அப்படித்தான் சொன்னாராம். இவளும் ம் கொட்டினாள்.

அப்புறம் ஒரு வாரநாளில் கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். புதுக் கண்ணாடி சரியில்லை, நடந்தால் கதவு நிலையில் தோள் இடிக்கிறது, எப்போதும் ஒரே தோள்தான் என்று சண்டை பிடித்தார். கண் பரிசோதிப்பவர் அவரை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் விரலைக் காட்டித் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது கண்ணாடிக் கோளாறு இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். எழுத்துப் பலகையை எல்லாம் நன்றாகப் படித்தேனே என்றார் அந்த அம்மாள். நேரே இருப்பது தெரியும், ஓரம்தான் போயிருக்கிறது, போனது போனவருக்கே தெரியாது என்றார் அவர்.

திரைக்குப் பின்னால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியக்கா கையிலிருந்த லென்ஸை வேண்டிய அளவுக்கு மேல் தேய்த்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் வீணாக்கிய லென்ஸ் அது ஒன்றுதான் என்று முதலாளி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போகிறார். இதைச் சொல்ல வேண்டியவள் அவள். கண் அவிந்துபோனதா என்று கேட்டவளும் அவள்தான். இந்த வாயால் அதை எப்படிச் சொல்வது?

ஒருவேளை வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். தன் படை முழுவதையும் அண்ணன் குதிரைகளுக்கு இடப்பக்கம், ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தினாள். நில் என்று ஆணை கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அத்தனை பேர், அத்தனை கொடி, அத்தனை சிவப்புச் சட்டை.

எங்கே, என்று வந்தது அண்ணனிடமிருந்து.

அவள் அசையவில்லை. எங்கே, என்று மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது அவள் மைக்கைத் திறந்தாள்.

"அண்ணா."

அண்ணனும் மைக்கைத் திறந்தார். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தமும் அப்பாவின் இருமலும் கேட்டன.

"சொல்லு."

"என் ஆளுங்க உனக்குத் தெரியறாங்களா?"

"அதைத்தானே கேட்டுட்டிருக்கேன். எங்க போய்த் தொலைஞ்ச?"

"உன் குதிரைக்கு இடப்பக்கம். ஆரம்பத்துலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். கண்ணை மட்டும் திருப்பாத, முகத்தையே திருப்பிப் பாரு."

நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் மூச்சு விடுவது கேட்டது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது பத்தலையா உனக்கு?"

வேறொரு நாளாக இருந்தால் அவள் அந்த நொடியே வாளை எடுத்திருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். அவர் இல்லாத குதிரைகளை ஈட்டிக்காரர்கள் வந்து குத்திக்கொண்டிருக்க, இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தட்டில் வைத்தது ஆறிக்கிடந்தது.

கதவைத் திறந்த அண்ணி அவளைக் கண்டதும் பதறிப்போனாள். அண்ணன் உள்ளேயிருந்து யாரென்று கேட்டார், வெளியே வரவில்லை. கண்ணாடியக்கா சோபாவில் போய் உட்கார்ந்தாள். கத்தவுமில்லை, கெஞ்சவுமில்லை. சுவர்க் கடிகாரத்தை நேரே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு நிமிடம் உட்காரு, அதற்கப்புறம் என்னைத் துரத்திவிடு என்றாள். தொல்லை விட்டால் போதும் என்று அவர் வந்து உட்கார்ந்தார். அண்ணியை அவருக்கு இடப்பக்கமிருந்து ஒரு டம்ளரைக் கொண்டுவரச் சொன்னாள். தெரிந்ததும் அண்ணன் சொல்ல வேண்டும். டம்ளர் தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்தது. அப்போதுதான் அவர் ம் என்றார். அண்ணி டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்கு உட்காருகிறாள் என்று அண்ணனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். கண் நரம்பு பல வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டுமருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பஸ் இனி வேண்டாம் என்றும் சொன்னார். அண்ணி மருந்து வாங்கப் போனாள். அண்ணனும் தங்கையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இதே மாதிரி ஒரு வராந்தாவில்தான் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது. அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அண்ணன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மாடிப்படியில அப்பா எனக்கு இந்தப் பக்கம்தான் வந்தாரு," என்றார். "நான் அவர் விழுந்ததையே பார்க்கல. சத்தம்தான் கேட்டுச்சு. ஏன் பார்க்கலன்னு இத்தனை நாளா எனக்கே தெரியல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து, பெஞ்சைச் சுற்றிப் போய், அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து அண்ணன் வராந்தாவின் அந்தக் கோடிவரை தேடினார்.

"எங்க போன?" என்றார்.

அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.