அறுப்பு முடிந்த பிறகு விற்ற மருந்து

தூண்டில் பைத்தியம் என்னை ஐம்பது வருடமாக விடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த என் வாயை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் உரக்கடை வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தால் கடைக்குப் பூட்டுதான். நேரே மிராசுதாரின் குளத்தங்கரைக்குப் போய்விடுவேன். எனக்கு அங்கே ஒரு கூட்டாளி, அந்தப் பண்ணையில் கூலிவேலை செய்தவர். தவளையை முள்ளில் கோத்து விரால் பிடிப்பதில் மனிதர் எமகாதகர். நான் அரைநாள் உட்கார்ந்து இரண்டு கெளுத்தியோடு எழுந்தால், "ஒங்க அத்தர் வாசனை மீனுக்குப் புடிக்கலீங்க பாய்" என்று கிண்டல் செய்வார்.

சித்திரையில் தண்ணீர் வற்றியதும் அவர் தெருவே குளத்தில் இறங்கி மீன் பிடிக்கும். வழிவழியாக வந்த பாத்தியதை அது. வேலையில்லாத கோடையில் அந்த மீனும் அதைக் காயவைத்த கருவாடும்தான் அவர்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கு.

அந்த வருடம் அறுப்புக் கூலியில் தகராறு. ஆட்சி மாறிவிட்டது, கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது என்று கூட்டாளியின் தெரு வரப்பில் கொடி நட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்து முடித்தார். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. பங்குனிக் கடைசியில் அவருடைய காரியக்காரர் என் கடைக்கு வந்தார்.

"பூச்சி மருந்து வேணும், எண்ட்ரின் நாலு டின் குடுங்க பாய்."

வயலில் அறுத்த தாள்தான் நின்றது. பூச்சி எதைத் தின்னும்? உரக்கடைக்காரனுக்கு இதுகூடவா தெரியாது? தெரியும். பாதி வியாபாரம் அந்தப் பண்ணையோடு என்பதால் வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுத்தேன். தென்னைக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தென்னைக்காம்! த்தூ.

மறுநாள் காலை குளம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. விரல் நீளக் குஞ்சுகூட மிச்சமில்லை. பெண்கள் கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்று கூட்டாளி செத்த மீனை அள்ளிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி டின். அதில் என் கடைச் சீட்டு.

"வயல்ல பயிரே இல்லியே பாய். எதுக்குன்னு கேக்கலீங்களா?"

"தென்னைக்குன்னு சொன்னாங்க" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. வாய் கூசாமல் வந்தது பொய்.

"சரிங்க" என்றார். மறுபடி குனிந்து மீனை அள்ளினார். காறித் துப்பியிருந்தால் எவ்வளவோ தேவலை. பட்டினி தாங்காமல் அந்தத் தெரு அடுத்த நடவுக்குப் பழைய கூலிக்கே வயலில் இறங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குளம் செத்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, தூண்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போனேன். போட்டதுமே ஒரு பெரிய விரால் இழுத்தது. உடம்பெல்லாம் சிலிர்க்க, சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.